போலிச் சரக்கும் நம் பொறுப்பும்

அரபு மொழியில் கள்ள நாணயத்தை 'ஸைஃப்' என்பார்கள். வெள்ளித் திர்ஹமில் செம்பைக் கலந்து, மேலே வெள்ளி முலாம் பூசி, அரசனின் முத்திரையையும் பொறித்துவிட்டால், அந்தக் காசு கடைத்தெருவில் நடமாடத் தொடங்கிவிடும். சரக்கின் குறையை மறைத்து விற்பதற்கு அம்மொழியில் மற்றொரு சொல் உண்டு; அது 'தத்லீஸ்'. இருட்டு என்னும் பொருளுடைய 'தலஸ்' என்ற வேரிலிருந்து அது பிறந்ததாக அகராதி ஆசிரியர்கள் கூறுவர். வாங்குபவனை இருட்டில் நிறுத்திவிட்டு, விற்பவன் மட்டும் வெளிச்சத்தில் நிற்பது என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். பாடத்தில் இச்சொற்கள் வரும்போது மாணவர்கள் அவற்றைப் பழங்காலத்துச் செய்தியாகவே கேட்டுக்கொள்வார்கள். "பழங்காலத்துக்கு ஏன் போகிறீர்கள்? உங்கள் சட்டைப் பையிலும் பெட்டியிலும் இருப்பவற்றை எடுத்துப் பாருங்கள்" என்று இப்போது நான் அவர்களிடம் சொல்லி வருகிறேன். செல்பேசி, அதன் சார்ஜர், காதில் மாட்டும் கருவி, மெமரி கார்டு, பவர் பேங்க் ஆகியவையே இன்றைய திர்ஹம்கள். அவற்றில் செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மதீனாவின் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேலே உலர்ந்த மணிகள். விரல்களில் பட்டதோ ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த கண்டிப்பின் சாரம். மழை பெய்தது அவர் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

பிற்கால நகரங்களில் இந்தப் பணியை 'முஹ்தஸிப்' என்னும் அங்காடி அதிகாரி செய்துவந்தார். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, அவ்வதிகாரிகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். ஒவ்வொரு தொழிலிலும் நடக்கும் ஏமாற்றையும் அதைக் கண்டறியும் வழியையும் அதில் அவர் தொகுத்திருக்கிறார். அபுல் ஃபழ்ல் ஜஅஃபர் அத்திமஷ்கீ என்பார் வணிகத்தின் சிறப்பைப் பற்றி எழுதிய நூலின் நீண்ட தலைப்பிலேயே, நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் பிரித்தறிவதும் ஏமாற்றுவோரின் கலப்படங்களும் இடம்பெற்றுள்ளன. அக்காலத்துச் சோதனைகள் முகர்ந்தும் சுவைத்தும், தண்ணீரில் இட்டும் நெருப்பில் காட்டியும் செய்யத்தக்கவை.

நம் காலத்துச் சரக்குக்கு அந்த வசதி இல்லை. ஒட்டி மூடப்பட்ட பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பதை முகர்ந்து அறிய முடியாது. கையை நுழைத்தால் உயிருக்கு ஆபத்து. இது கை நுழையாத குவியல். போலி செய்பவனுக்கு இதைவிட வாய்ப்பான சரக்கு முன்னெப்போதும் கிடைத்ததில்லை.

உள்ளே இருப்பது என்ன?

நான் பணியாற்றும் மதரஸாவின் மாணவர் விடுதியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். சுப்ஹுத் தொழுகைக்காகப் பிள்ளைகள் பள்ளிவாசலுக்குச் சென்றிருந்தனர். திரும்பி வந்தபோது ஓர் அறையில் புகை மண்டியிருந்தது. சுவரில் செருகியிருந்த சார்ஜர் உருகிக் கீழே விழுந்து, பாயையும் தலையணையையும் கருக்கியிருந்தது. அந்தத் தலையணைக்கு உரியவன் பதினேழு வயதுப் பிள்ளை. பாங்கோசைக்கு அவன் எழுந்திராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உருகிய சார்ஜரின்மேல் உலகறிந்த ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த நிறுவனத்துக்கும் அந்தச் சார்ஜருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது பின்னர்த் தெரிந்தது.

எங்களிடம் ஓதிவிட்டு, மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட மாணவர் ஒருவர் செய்தி கேட்டு வந்தார். அதே பெயருடைய அசல் சார்ஜர் ஒன்றையும் பிரித்து, இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தார். "ஹஜ்ரத், இந்தப் பக்கம் மின்கம்பத்திலிருந்து வருவது. அந்தப் பக்கம் பிள்ளையின் கையில் இருப்பது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த வெற்றிடம்தான் சுவர். போலியில் அந்தச் சுவரையே எடுத்துவிட்டார்கள், பாருங்கள்" என்றார்.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறு மின்னோட்டம். சார்ஜருக்குள் அது முதலில் நேர் மின்னோட்டமாக மாறுகிறது. அப்போது அதன் அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். பிறகு அது ஒரு சிறிய மின்மாற்றியின் வழியாக 5 வோல்ட்டாகக் குறைகிறது. விரைவாக மின்னேற்றும் சார்ஜர்களில் அதைவிடச் சற்றுக் கூடும். ஆளைக் கொல்லும் அழுத்தமும் குழந்தை தொடத்தக்க அழுத்தமும் ஒரு தீப்பெட்டி அளவான கூட்டுக்குள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. அவற்றைப் பிரித்து நிறுத்துவன மூன்று: சில மில்லிமீட்டர் இடைவெளி, மின்மாற்றியின் கம்பிச் சுற்றுகளுக்கு இடையே பல அடுக்குக் காப்பு நாடா, கோளாறு நேர்ந்தால் முதலில் அறுந்துபோகும் உருகி. போலி செய்பவன் காசை மிச்சப்படுத்துவது இந்த மூன்றிலும்தான். ஏனென்றால் இவை இல்லாவிட்டாலும் சார்ஜர் வேலை செய்யும்! செல்பேசியில் மின்னேறும், வாங்கியவரும் மகிழ்வார். ஈரக் கையோடு தொடும் நாளில், அல்லது மின்னழுத்தம் திடீரென்று எகிறும் இரவில்தான் சுவர் இல்லாதது தெரியவரும்.

இது ஒரு விடுதியின் கதை மட்டுமன்று. அமெரிக்கப் பொறியாளர் கென் ஷெரிஃப் 2014இல் ஐபேட் சார்ஜரின் அசலையும் போலியையும் பிரித்து ஒப்பிட்டு எழுதினார். அசலில் அந்த இடைவெளி ஐந்து மில்லிமீட்டருக்கு மேல்; போலியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 2016இல் யு.எல். என்னும் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் பல நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட 400 போலி ஐபோன் அடாப்டர்களைச் சோதித்தது. அவற்றில் 397 தேறவில்லை. 12 அடாப்டர்கள் தொட்டவரின் உயிரையே பறிக்கத்தக்க அளவுக்கு மோசமாகச் செய்யப்பட்டிருந்தன. 2013 ஜூலையில் சீனாவில் மின்னேறிக்கொண்டிருந்த செல்பேசியை எடுத்த இளம்பெண் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். அசலல்லாத சார்ஜரே காரணமாயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அடுத்த மாதமே ஆப்பிள் நிறுவனம், ஐயத்துக்குரிய அடாப்டரைக் கொண்டுவந்து கொடுத்துச் சலுகை விலையில் அசலைப் பெற்றுச் செல்லலாம் என்று அறிவித்தது. 2014இல் ஆஸ்திரேலியாவிலும் ஒரு பெண் இவ்வாறே இறந்தார். தரமற்ற மலிவான சார்ஜர்களை வாங்க வேண்டாம் என்று அம்மாநில அரசு மக்களை எச்சரித்தது.

மறைந்துபோகும் நினைவுகள்

உயிருக்கு ஊறு செய்யாத போலிகளும் உண்டு. அவை பறிப்பது வேறொன்று.

1980களில் வளைகுடாவிலிருந்து வந்த சபுராளிகள் ஒவ்வொருவரும் ஒரு டேப்ரெக்கார்டரைச் சுமந்து வந்ததை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். கடிதம் எழுதத் தெரியாத உம்மாமார், கேசட்டில் பேசிப் பதிந்து, ஊரிலிருந்து போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அந்தக் கேசட்டுகளில் சில இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. நாடா தேய்ந்திருக்கும், இரைச்சல் ஏறியிருக்கும், ஆயினும் குரல் இருக்கும். இன்று மவுத்தாகிப்போன வாப்பாவின் குரலும், ஹஜ்ஜுப் பயணத்துப் படங்களும், பிள்ளையின் முதல் நடையும் விரல் நகத்தளவான ஒரு மெமரி கார்டில் அடங்கிவிடுகின்றன. அந்தக் கார்டு போலியாக இருந்தால் இரைச்சல்கூட மிஞ்சாது.

போலி மெமரி கார்டு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறிந்தால் வியப்பாக இருக்கும். கார்டினுள் பதிவைத் தாங்கும் சில்லும், அதன் கணக்கைச் சொல்லும் கட்டுப்பாட்டுச் சில்லும் உண்டு. போலி செய்பவன் இரண்டாவதைப் பொய் சொல்லப் பழக்கிவிடுகிறான். பத்து அறையுள்ள விடுதியின் வாசலில் நூறு அறை என்று பலகை மாட்டியது போல, 8 ஜிபி இடமுள்ள கார்டு தன்னை 256 ஜிபி என்று செல்பேசியிடம் சொல்லும். செல்பேசியும் நம்பிவிடும். பத்து அறையும் நிறைந்த பிறகு வருபவர்களை அந்த விடுதிக்காரன் என்ன செய்வான்? முன்பே தங்கியிருப்பவரை வெளியே தள்ளி இடம் கொடுப்பான். அல்லது வந்தவரைப் பேரேட்டில் எழுதிக்கொண்டு தெருவில் விட்டுவிடுவான். படத்தின் பெயர் பட்டியலில் இருக்கும். திறந்தால் படம் இராது. இது தெரியவருவதற்குள் பல மாதங்கள் கழிந்திருக்கும். விற்ற கடையும் பில்லும் மறந்திருக்கும்.

இதற்கு எளிய சோதனை உண்டு. புதிய கார்டில் எதையும் சேமிக்கும் முன்பு, அதன் முழுக் கொள்ளளவுக்கும் கோப்புகளை நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். இதைத் தானே செய்து முடிவு சொல்லும் 'எஃப்3' போன்ற இலவச மென்பொருள்கள் கணினியில் கிடைக்கின்றன. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை.

சங்கிலியும் செய்தியும்

கை நுழையாத குவியலை எப்படித்தான் சோதிப்பது? நம் முன்னோர் ஹதீதுக் கலையில் கையாண்ட முறையே எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு செய்தி வந்தால் அவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். உமக்கு இதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று அறிவிப்பாளர்களின் சங்கிலியை ஆராய்வது 'இஸ்னாது'. சொல்லப்பட்ட செய்தி அறிவுக்கும் உறுதியான உண்மைகளுக்கும் முரண்படுகிறதா என்று பார்ப்பது 'மத்னை' ஆராய்வது. இட்டுக்கட்டுவோருக்கு அழகான சொற்கள் எளிதாகக் கிடைத்தன. நம்பத்தக்க மனிதர்களின் சங்கிலிதான் கிடைக்கவில்லை. அச்சங்கிலியில் ஓர் ஆளை மறைப்பதற்கும் அக்கலையில் 'தத்லீஸ்' என்றே பெயர் என்பது கருதத்தக்கது. போலிச் சரக்கிலும் இதுவே நிலை. பெட்டியின் அழகு, எழுத்தின் நிறம், ஒட்டுத்தாளின் மினுக்கம் ஆகிய அனைத்தையும் பார்த்துச் செய்துவிடலாம். எங்கிருந்து, யார் கையால் வந்தது என்பதைச் செய்வதுதான் கடினம்.

முதலில் மத்னைப் பார்ப்போம். சரக்கு தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தி நம்பத்தக்கதா? கைவிளக்குகளில் போடும் '18650' என்னும் லித்தியம் பேட்டரியில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்கிறார்கள். பெயர்பெற்ற உற்பத்தியாளர்கள் அந்த அளவுக் கூட்டுக்குள் அடக்கியது 4,000ஐ ஒட்டியதுதான். 10,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பவர் பேங்க் ஏறத்தாழ 200 கிராம் எடை இருக்கும். அதைவிட இலேசான ஒன்று 50,000 என்று சொன்னால் அது தன் வாயாலேயே பொய்யை ஒப்புக்கொள்கிறது. சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் மெமரி கார்டு என்பதும் அப்படியே. நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது, எச்சரிக்கை வாசகத்தில் எழுத்துப் பிழைகள், செருகும் முனைகள் வளைந்தோ தளர்ந்தோ இருப்பது, மின்னேறும்போது தொடுதிரை தானாகத் துள்ளுவது, அளவு மீறிய சூடு, இரைச்சல், கருகிய வாடை ஆகியவையும் மத்னின் பழுதுகளே. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அதைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

அடுத்து இஸ்னாது. நம் நாட்டில் அடாப்டர், பவர் பேங்க், செல்பேசி, அதன் பேட்டரி முதலிய பல மின்னணுச் சரக்குகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பாகிய பி.ஐ.எஸ்.இல் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். 2012இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையில் தொடங்கி இப்பட்டியல் விரிந்து வந்திருக்கிறது. பதிவு பெற்ற சரக்கின்மேல் பி.ஐ.எஸ். முத்திரையும், ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், ஆங்கில 'ஆர்' எழுத்தை அடுத்து எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கும். சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் உரிய தர எண் 13252. இவ்வெண்களையும் போலி செய்பவன் பார்த்து எழுதிவிடலாம் அல்லவா? எழுதுகிறான்தான். எனவே எண் இருப்பதை மட்டும் கண்டு அமைதியடைய வேண்டாம். 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் அரசுச் செயலியில் அந்தப் பதிவெண்ணை இட்டால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தொழிற்கூடத்துக்கு, எந்தச் சரக்குக்கு வழங்கப்பட்டது என்று காட்டும். உங்கள் கையில் இருக்கும் சரக்கின் பெயரும் திரையில் வரும் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சார்ஜரின்மேல் இருக்கும் எண் வேறொரு நிறுவனத்தின் விளக்குக்கு உரியதாக இருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது.

செல்பேசிக்கு 'ஐ.எம்.இ.ஐ.' என்னும் 15 இலக்க எண் உண்டு. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, சதுரக் குறி ஆகியவற்றை வரிசையாக அழுத்தினால் அது திரையில் தோன்றும். திரையில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருத்தல் வேண்டும். 'கே', 'ஒய்', 'எம்' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடம் விட்டு இந்த எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது எந்த நிறுவனத்தின் எந்த வகைக் கருவி என்ற விடை வரும். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்திலும் இதைப் பார்க்கலாம். 2020இல் மீரட் நகரக் காவல்துறை, ஒரே எண்ணைத் தாங்கிய 13,500க்கும் மேற்பட்ட செல்பேசிகள் புழக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தது. அவற்றில் ஒன்று குற்றத்துக்குப் பயன்பட்டால் காவலர் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்? இதை எண்ணிப் பார்த்தால் இந்தச் சிறு சோதனையின் தேவை விளங்கும்.

சங்கிலியையே போலியாகச் சமைப்பாரும் உண்டு. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தின் சரக்குகளை மட்டுமன்றி, அந்நிறுவனத்தையே போலியாக நடத்தி வந்த ஒரு கூட்டம் பற்றிய செய்தி 2006இல் வெளிவந்தது. சீனா, ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களில் 50க்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் அதில் தொடர்புபட்டிருந்தன. அமெரிக்க செனட்டின் ஆயுதப் படைகள் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கையோ, போர்க் கருவிகளுக்குரிய உதிரிகளிலேயே ஏறத்தாழ 1,800 ஐயத்துக்குரிய நேர்வுகளைக் கண்டதாகக் கூறியது. குப்பைக்குப் போன பழைய சில்லுகளைச் சூடாக்கிப் பெயர்த்து, மேற்பரப்பைத் தேய்த்து, புதிய தேதியை அச்சிட்டுப் புதியவை என்று விற்றிருக்கிறார்கள். வல்லரசின் படையே ஏமாறும்போது நாம் எம்மாத்திரம் என்று சோர்ந்துவிடக் கூடாது. விற்பவர் காட்டும் தாளோடு நில்லாமல், அதை உறுதி செய்யும் வேறோர் இடத்தில் கேட்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

'தெரிந்துதான் வாங்குகிறார்கள்'

மின்னணுக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் நம்மிடையே பலர். நேர்மையாகத் தொழில் செய்பவர்களே அவர்களில் மிகுதி. ஆயினும் சிலர் சொல்லும் ஒரு நியாயத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். "ஹஜ்ரத், 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லித்தானே விற்கிறோம், அவர்களும் தெரிந்துதானே வாங்குகிறார்கள், இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?" என்பார்கள்.

இதற்கு என் விடை இதுதான். வாங்குபவருக்குத் தெரிந்தது, பெயர் பொய் என்பது மட்டுமே. உள்ளே சுவர் இல்லை என்பது அவருக்குத் தெரியுமா? விற்பவருக்கே தெரியாதே! தமக்கே தெரியாத ஒன்றைத் தெரிவித்துவிட்டதாக ஒருவர் எப்படிக் கூற முடியும்? மேலும் வாங்கியவர் ஒருவர். இரவில் அதைத் தொடுபவர் அவருடைய பேரக்குழந்தை. அந்தக் குழந்தை எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளவில்லை. பிறர் உழைத்துத் தேடிய பெயரைத் திருடி ஒட்டிய சரக்கு என்பது இதன்மேல் வரும் இன்னொரு குற்றம்.

விலை குறைந்த பொருளெல்லாம் போலி என்று நான் சொல்ல வரவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு அப்படிச் சொல்வது அநீதி. புகழ்பெறாத ஒரு சிறு நிறுவனம், தன் சொந்தப் பெயரையே போட்டு, பதிவெண் பெற்று, முகவரியும் அச்சிட்டு, குறைந்த விலையில் விற்கும் சார்ஜர் நேர்மையான சரக்கு. பெரிய பெயரைத் திருடிப் போட்டுக்கொண்ட சார்ஜரைவிட அது எவ்வளவோ மேல். பெருமைக்காகப் பெயரை வாங்காமல், பாதுகாப்புக்காகச் சரக்கை வாங்கினாலே பாதிப் போலிகளுக்குச் சந்தை இல்லாமற் போகும்.

குறையுள்ள சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று வகுத்துள்ளன. நாட்டின் சட்டத்திலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வாயிலாக, அத்தகைய உரிமை நமக்கு உண்டு. 1915 என்னும் எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்கிடக் கட்டணமும் இல்லை. இணையத்தில் வாங்கும்போது தளத்தின் பெயரை மட்டும் பாராமல், அதில் விற்பவர் யார், சரக்கு எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பவற்றையும் பாருங்கள். 2020ஆம் ஆண்டு விதிகள் இவற்றைத் தெரிவிக்கக் கட்டளையிடுகின்றன. ஆனால் எந்த உரிமைக்கும் அடிப்படை பில். பில் வேண்டாமென்றால் விலையைக் குறைப்பதாகச் சொல்லும் கடையில், சங்கிலியின் முதல் கண்ணியை நாமே அறுத்துக் கொடுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். போலி என்று தெரிந்த சார்ஜரை வீட்டில் வேலை செய்யும் பெண்மணிக்கோ வாசலில் வரும் ஏழைக்கோ கொடுத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது தர்மமாகாது. நம் பிள்ளை தொடக் கூடாதென்று ஒதுக்கிய ஆபத்தை அவர்கள் பிள்ளையின் கையில் கொடுப்பதற்குப் பெயர் வேறு. அதன் கம்பியை வெட்டி, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்து, மின்னணுக் கழிவைச் சேகரிப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். இன்றிரவு உறங்கும் முன்பு வீட்டில் செருகியிருக்கும் சார்ஜர்களை ஒருமுறை கழற்றி, அவற்றின் அடிப்பகுதியில் உள்ள எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். படிக்க ஐந்து நிமிடம் போதும்.